கிறிஸ்துமஸ் தாத்தா பொய் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள் என் மகள்

கீழக்கரைப் பெண், கிழக்கு லண்டன்

அஸ்ஸலாமு அலைக்கும். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மகளுக்கு ஆறரை வயது. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியை என்னை மட்டும் வாசலில் நிறுத்திக்கொண்டார். மற்ற தாய்மார்கள் நகரும்வரை புன்னகைத்துக்கொண்டே நின்றார். அந்தப் புன்னகையைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடந்தது இதுதான். எல்லாரும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் என் மகள், "அவர் வரமாட்டார். உன் அம்மாவும் அப்பாவும்தான் கடையில் வாங்கி ஒளித்து வைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று பிள்ளைகள் அழுதுவிட்டார்களாம். ஒரு தாய் பள்ளிக்குப் போன் போட்டுவிட்டார்.

சொல்லிக்கொடுத்தது நான்தான். போன வருடம் டிசம்பர் 25 காலையில் (அன்று லண்டனில் பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது, தெருவே செத்துக் கிடக்கும்) பாலில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே கேட்டாள்: "உம்மா, நான் என்ன தப்புச் செய்தேன்?" நல்ல பிள்ளைகளுக்குத்தான் அவர் பரிசு தருவார் என்று பள்ளியில் ஒரு மாதமாகப் பாடியிருக்கிறார்கள். இவளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? பிஸ்கட் கிண்ணத்துக்குள் கரைந்து விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மழுப்ப முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் இயேசு பிறப்பு நாடகம். இவளுக்கு ஆடு வேடம். பழைய வெள்ளை ஸ்வெட்டரில் பாதிவரை பஞ்சு ஒட்டிவிட்டேன். இவளுடைய வாப்பா, "அதற்கும் அனுப்பாதே" என்கிறார். ஊரிலிருந்து மாமி போனில், "ஆடாக நிற்பதில் என்னம்மா ஹராம்?" என்கிறார். எனக்கு வேறொரு பயம். மதரஸாவில் குர்ஆனின் சூரா மர்யம் கதை கேட்டுவிட்டு வந்து, "மர்யம் அலைஹஸ்ஸலாம் பேரீச்ச மரத்தடியில்தானே பிள்ளை பெற்றார்கள்? பள்ளியில் ஏன் மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிறார்கள்? மரத்தையே காணோம்" என்று கேட்கிறாள். இதையும் மேடையில் அறிவித்துவிடுவாளோ?

உண்மையைச் சொல்லாதே என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? போன் போட்ட அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

லெஸ்டர் காக்கா

வ அலைக்குமுஸ்ஸலாம். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி அரசுப் பள்ளியின் கூட்டு வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாடகம் வேண்டாம் என்றாலும் தலைமையாசிரியரிடம் பேசினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். மூத்தவனை ஒரு வருடம் அப்படி விலக்கினோம். ஒத்திகை நடந்த மூன்று வாரமும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருக்கிறான். எங்கள் நம்பிக்கையைப் பற்றி அவன் கற்றுக்கொண்டது தனியாக உட்காருவதைத்தான். சின்னவன் விஷயத்தில் வேறு ஏற்பாடு: நாடகத்தில் இருப்பான், 'தேவகுமாரன்' என்று வரும் வரியில் மட்டும் வாய் திறக்கமாட்டான். ஆசிரியையிடம் முன்பே சொல்லிவிட்டோம், அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

மன்னிப்பா? உண்மைக்கு எதற்கு மன்னிப்பு? வருத்தம் தெரிவித்தால் போதும்.

அபூ யூசுப், பர்மிங்ஹாம்

நான் ஒத்துப்போகவில்லை. இன்று ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவீர்கள், நாலு வருடத்தில் கூடத்தில் மரம் நிற்கும். என் சொந்தத்திலேயே பார்த்துவிட்டேன். மகள் சொன்னது உண்மை. அவளைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். பெருநாள் அன்று தொழுதுவிட்டு அப்படியே வேலைக்கு ஓடுகிற வாப்பாமார்கள்தான் டிசம்பரில் அதிகம் பேசுகிறோம். நானும் ஓடியவன்தான். பெருநாளுக்குப் பள்ளிக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் வருகைப் பதிவில் 'ஆர்' (மத அனுசரிப்புக்கான குறி) என்று போட்டு விடுப்புத் தருவார்கள். அன்று நீங்களும் விடுப்பு எடுங்கள். பெருநாள் காசைப் புதுத் தாளாக வங்கியில் மாற்றிக் கையில் கொடுங்கள். பிள்ளைக்கு நம்முடையது நிறைவாக இருந்தால் அடுத்தவருடையதைப் பார்த்து ஏங்காது.

தூத்துக்குடிக்காரி, ஹாரோ

நான் கத்தோலிக்கப் பெண். இந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டு அக்கா காட்டினார். நுழைவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரி ஒளிந்து வருகிறவர் இல்லை. கேரல் பாடுகிறவர்களோடு தெருவே அதிர ஆடிக்கொண்டு வருவார். பிளாஸ்டிக் முகமூடி, சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை. உள்ளே இருப்பது மூன்றாம் வீட்டு அண்ணன் என்று எல்லாருக்கும் தெரியும், செருப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் கைகொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள்வோம். ஒருவரும் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டோம். சொன்னால் ஆட்டம் நின்றுவிடும் அல்லவா?

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நிக்கோலாஸ் என்று ஓர் ஆயர் உண்மையாகவே இருந்தார், நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீராவில். அவர் பெயரில் இந்த வீடுகளில் ஒரு விளையாட்டு நடக்கிறது. நீ அதில் சேர வேண்டாம், கலைக்கவும் வேண்டாம்.

அந்தத் தாயைப் போய்ப் பாருங்கள். ஆறு வயதில் அது உடைந்தால் வீட்டில் பெரிய இழவுதான், சிரிக்காதீர்கள்.

காயல் லாத்தா

தூத்துக்குடித் தங்கச்சி சொன்னதுதான் சரி. 2000-ஆம் வருடம் கிறிஸ்துமஸும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. ஜெயமேரி டீச்சர் வீட்டிலிருந்து வந்த கேக்கை நோன்பு திறக்கும்வரை அலமாரியில் பூட்டி வைத்தோம், எறும்புக்கும் எனக்கும் பயந்து. பெருநாள் அன்று அதே தட்டில் வட்டிலப்பம் போனது. எங்கள் உம்மா குடிலுக்கு முன்னால் போய் நின்றதும் இல்லை, தட்டை வெறுமையாகத் திருப்பியதும் இல்லை.

பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே வருகிறது. 2030-இல் ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பு. அப்போது உங்கள் மகள் நோன்பு பிடிக்கிற வயதில் இருப்பாள். இப்போதே சொல்லி வையுங்கள்.

கீழக்கரைப் பெண், கிழக்கு லண்டன்

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். அபூ யூசுப் பாய், மரம் வராது, பயப்படாதீர்கள். இந்த வீட்டில் துணி காயப்போடவே இடமில்லை.

ஊரிலிருந்து வந்த தொதல் இனிப்பில் பாதியை டப்பாவில் போட்டுக்கொண்டு அந்தத் தாயைப் பார்த்தேன். முதலில் விறைப்பாகத்தான் நின்றார். போன வருடம் என் மகள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று நானும்தான் தினமும் சொல்லி மிரட்டுகிறேன்" என்றார். தொதல் கையில் ஒட்டிக்கொண்டு அவர் பட்ட பாட்டில் இருவரும் சிரித்துவிட்டோம்.

முகமூடி அண்ணன் கதையை மகளிடம் சொன்னேன். "செருப்பைப் பார்த்தும் சொல்லவில்லையா?" என்று நாலு முறை கேட்டாள்.

நாடகத்துக்கு அனுப்பினேன். இவளுடைய வாப்பாவும் வந்தார், கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல். ஆட்டுக்குப் பஞ்சு பாதி உதிர்ந்துவிட்டது. இறங்கி ஓடி வந்தவள் என் முக்காட்டை விலக்கிக் காதில் சொன்னாள்: "பேரீச்ச மரம் இல்லை உம்மா. நான் யாரிடமும் சொல்லவில்லை."