வார்டிலும் வாசலிலும் ஆசீர்வாதம்: பார்த்ததைச் சொல்லுங்கள்

(நோயாளிகளையும் புது வீடுகளையும் பார்த்து ஆசீர்வதிக்கப் போகும் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேசிக்கொண்டது. பேருக்குப் பதில் அவரவர் வசிக்கும் பகுதி.)

புக்கிட் பாத்தோக்:
ஆஸ்பத்திரியில் அடிக்கடி நடப்பது இது. கட்டில் ஓரம் வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு "கர்த்தாவே, இவரைத் தொடும்" என்று பத்து நிமிஷம் போகும். அது ஜெபம், நல்லதுதான். ஆனால் ஆசீர்வாதம் வேறு. ஜெபத்தில் பேச்சு கர்த்தரிடம், ஆசீர்வாதத்தில் பேச்சு படுத்திருப்பவரிடம். கண் திறந்திருக்க வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது வினைமுற்று. "குணமாக்குவாராக" என்பது ஆசீர்வாதம், "குணமாக்குவார்" என்பது வாக்குறுதி. நடுவில் இருப்பது ஒரு ‘ஆக’ மட்டும்தான். அது விட்டுப்போய், பிறகு பயாப்ஸி ரிப்போர்ட் வேறு மாதிரி வந்தால், தன் விசுவாசத்தில்தான் குறை என்று நோயாளி நொந்துகொள்வார். அப்படிச் சொன்னவர் பெரும்பாலும் மறுபடி அந்த வார்டு பக்கமே வரமாட்டார்.

வாசகம் தேடுகிறவர்களுக்கு எண்ணாகமம் 6:24-26 போதும்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்குவது. எபிரெயத்தில் மொத்தம் 15 சொற்கள்: முதல் வரியில் 3, அடுத்ததில் 5, கடைசியில் 7. நிதானமாகச் சொன்னாலும் தமிழில் அரை நிமிஷம் ஆகாது. இந்த வரிகளின் பகுதிகள் பொறித்த இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள் 1979-ல் எருசலேமில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்தன. உடம்போடு வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன வாசகம். நாம்தான் அதோடு அரை மணி பிரசங்கத்தைச் சேர்க்கிறோம்.

செங்காங்:
ஆமாம். ஒன்று சேர்க்கிறேன். வசனத்தில் "உன்னை" என்று ஒருமையில் இருக்கிறது. எழுபது வயது பாட்டியிடம் அப்படியே "உன்னை" என்றால் காதில் உறுத்தும். "உங்களை" என்று மாற்றிச் சொன்னால் ஒன்றும் குறையாது.

கை வைப்பதற்கு முன் "தலையில கை வைக்கலாமாம்மா?" என்று கேளுங்கள். டிரிப் ஏறுகிற கையைப் பிடிக்காதீர்கள். எண்ணெய் பூசுவதென்றால் முதலில் நர்ஸிடம் ஒரு வார்த்தை. ஆறு கட்டில் வார்டில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரரோ சீனரோ படுத்திருப்பார். அவரும் நோயாளிதான், குரல் தாழ்ந்தே இருக்கட்டும். பக்கத்துக் கட்டிலுக்கு வலியப் போய்ச் சொல்வது சரியே இல்லை, அவர் கேட்டால் ஒழிய.

ஈசூன்:
சின்னவர்கள் பெரியவர்களை ஆசீர்வதிக்கலாமா? வீட்டில் "நீ என்னடா என்னை ஆசீர்வதிக்கிறது" என்று தாத்தாக்கள் சிரிக்கிறார்கள். எபிரெயர் 7:7-லும் சிறியவன் பெரியவனாலே ஆசீர்வதிக்கப்படுவான் என்றுதான் இருக்கிறது.

புக்கிட் பாத்தோக்:
ரூத் 2:4 பாருங்கள். நிலத்துக்காரர் போவாஸ் வயலுக்கு வந்து "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறார். அறுப்புக்காரர்கள் "கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக" என்கிறார்கள். கூலியாட்கள் முதலாளிக்குச் சொன்னது! ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பார்க்கிற வெளிநாட்டுத் தொழிலாளித் தம்பிமாரிடம் நாம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு நொடி நின்றால் அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கும் இதே "உம்மை" பொருந்தும்.

செராங்கூன்:
சபை ஒழுங்கும் உண்டு. ஆங்கிலிக்கன் ஆராதனையில் குருவானவர் முடிவில் ஆசீர்வாதம் "உங்களோடு இருப்பதாக" என்பார். குருப்பட்டம் பெறாதவர் நடத்தினால் "நம்மோடு" என்று தன்னையும் சேர்த்துக்கொள்வார். கத்தோலிக்க வீடுகளில் அப்பா அம்மா பிள்ளை நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் கொடுக்கலாம், அதற்குச் சாமியார் வர வேண்டியதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த வேறுபாடு அவ்வளவாகப் பார்ப்பதில்லை. போகிற வீடு எந்தச் சபை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பொங்கோல்:
புது பிடிஓ வீட்டுக்கு (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு): வாசலில் நின்று லூக்கா 10:5, "இந்த வீட்டுக்குச் சமாதானமுண்டாவதாக." பிறகு அறை அறையாகப் போய், அங்கே நடக்கப்போகிறதற்கு ஏற்ப ஒரே வரி. சமையலறையில் "இந்த அடுப்பில் ஆக்குவது வருகிறவர்களுக்கும் போதுமானதாக இருப்பதாக." பிள்ளைகள் அறையில் தூக்கத்துக்கு ஒரு வரி. கடன் தீரும், கார் வரும் என்று பட்டியல் போட வேண்டாம், வீட்டுக்காரரே நெளிவார். நாலறை வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம் தாராளம். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். கூட்டம் காரிடாரில் வழிந்து பக்கத்து வீட்டுக் கதவை மறைக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பாம் ஷெல்டரை (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) எல்லாரும் ஸ்டோர் ரூம் என்று விட்டுவிடுவார்கள், அங்கேயும் ஒரு வரி சொல்லுங்கள். ஆனால் வசனப் பலகை மாட்ட அந்தச் சுவரில் டிரில் போடாதீர்கள், அதற்குக் கட்டுப்பாடு உண்டு.