திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு: கொம்பு முன்னால் நிற்கிறது, ‘இ’ காணோம்

கேள்வி:
திஸ்கி 1.7-இல் (ஒருங்குறிக்கு முன் புழங்கிய தமிழ்க் குறியேற்றம்) உள்ள பழைய எச்டிஎம்எல் கோப்புகளை ஒருங்குறிக்கு, அதாவது அதன் யூடிஎஃப்-8 வடிவுக்கு, மாற்ற ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். விண்டோஸ்-1252 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியேற்றம்) என்று படித்து, ஒவ்வொரு குறிக்கும் நேரான தமிழ் எழுத்தைப் போடுகிறது. கொம்பெல்லாம் புள்ளிவட்டத்தோடு மெய்க்கு முன்னால் நிற்கிறது. அதைச் சரிசெய்ய விதி போட்டதும் ‘வெளி’ என்பது ‘வௌி’ ஆனது. சில கோப்புகளில் ‘இது’ வெறும் ‘து’ ஆகிவிட்டது. எங்கே தப்பு?

பதில் 1:
திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்; ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில். ‘கொ’ என்பது திஸ்கியில் 166, 184, 161: கொம்பு, க, கால். ஒருங்குறியில் க (2965), அதற்குப் பின் ொ (3018), அவ்வளவுதான். ஆகவே மூன்று துண்டாக வரும் ொ, ோ, ௌ ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். பிறகு தனிக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம். வரிசை மாறினால் கால் தனியாகத் தொங்கும்.

இடமாற்றத்தைத் திஸ்கி பைட்டுகளிலேயே முடித்துவிட்டு அப்புறம் எழுத்தை மாற்றுங்கள். க்ஷ திஸ்கியில் ஒரே குறி (135), ஒருங்குறியில் மூன்று. முதலிலேயே மாற்றிவிட்டால் கொம்பு க-வோடு ஒட்டி, ‘க்ஷேத்திரம்’ என்பது ‘கே்ஷத்திரம்’ ஆகும். இணையத்தில் இந்தப் பிழை இன்னும் உலவுவதைப் பார்க்கலாம்.

பதில் 2:
‘வெளி’ கதை வேறு. ஔகாரத்தின் பின்பாதிக்குத் திஸ்கியில் தனிக் குறி 170 உண்டு, ள-வுக்கு 199. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் பலர் ‘மௌனம்’ அடிக்க வேண்டிய இடத்தில் 199-ஐ அடித்து வைத்திருப்பார்கள். உங்கள் விதி 199-ஐயும் ஔகாரமாக எடுக்கிறது, அதனால்தான் ‘வெளி’ உடைகிறது. 170-ஐ மட்டும் தானாக மாற்றுங்கள். 199 வரும் இடத்தில், ள-வுக்குப் பின் உயிர்க்குறி இருந்தால் தொடாதீர்கள். இல்லாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது: கதை உரையாடலில் ‘வெளக்கு’, ‘வெளஞ்சது’ வரும். மெளனம், கெளரவம், பெளர்ணமி என்று ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு மாற்றுவதே உத்தமம்.

‘இ’ திஸ்கியில் 173. விண்டோஸ்-1252இல் அதே எண் மறைந்திருக்கும் இணைப்புக்கோடு. எடிட்டர் வழியாக நகலெடுத்து ஒட்டும்போது சில மென்பொருள்கள் அதைத் தின்றுவிடும். கோப்பைப் பைட்டாகத் திறந்து 173 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிரலில் சரிசெய்யலாம். இல்லையென்றால் மூலப்படியைத் தேடுவதுதான் வழி.

இன்னொன்று: விண்டோஸ்-1252 என்று படிக்காதீர்கள். 129, 141, 143, 144, 157 அதில் காலி இடங்கள். பைத்தான் பிழை காட்டி நிற்கும். ‘பிழையைப் புறக்கணி’ என்று போட்டால் தமிழ் எண் ௧ (129) சத்தமில்லாமல் போய்விடும். லத்தீன்-1 என்று படித்தால் 256 குறியும் அப்படியே வரும்.

பதில் 3:
லினக்ஸ் இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு? ஜிலிப்சியோடு (லினக்ஸின் அடிப்படை நூலகம்) வரும் ஐகான்வ் என்ற குறியேற்ற மாற்றுக் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், கொம்பையும் அதுவே இடம் மாற்றும். பைத்தானின் சொந்தக் குறியேற்றப் பட்டியலில் திஸ்கி கிடையாது; ஓப்பன்-தமிழ் நூலகத்தில் மாற்றி இருக்கிறது. எச்டிஎம்எல் தலைப்பகுதியில் எழுத்துத்தொகுதி அறிவிப்பையும் எழுத்துரு பெயரையும் மாற்ற மறக்க வேண்டாம்.

கேட்டவர்:
173 பெரும்பாலான கோப்புகளில் இருக்கிறது, நன்றி. இதே உரை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் லத்தீன்1 பத்தியிலும் (அட்டவணையின் நெடுவரிசை) கிடக்கிறது. பத்தியின் வகையை நேராக யூடிஎஃப்-8 ஆக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். திஸ்கி பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து அவற்றைத்தான் யூடிஎஃப்-8 ஆக்கும். பத்தியை முதலில் பிளாப் (வெறும் பைட்டுகளை வைக்கும் வகை) ஆக்கி, பைட்டாக வெளியே எடுத்து, மாற்றி, புதிய பத்தியில் போடுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். பைட் அளவு வரம்பு வைத்திருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இடைவெளிக்கு அடுத்து உயிர்க்குறி வரும் இடங்களையும், இரண்டு உயிர்க்குறி அடுத்தடுத்து வரும் இடங்களையும் தேடிப் பாருங்கள். மிச்சப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் கிடக்கும்.