புதுப்பிப்பு: மாண்ட்கோமரி பிளேர் பள்ளியும் மேக்னெட் பிரிவும்

மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் வீடு வாங்கினால் மாண்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியின் மேக்னெட் பிரிவில் (பிற பகுதி மாணவர்களும் சேரக்கூடிய சிறப்புப் பாடப் பிரிவு) பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். விசாரித்ததில், கிடைக்காது என்பதே விடை. பள்ளியின் எல்லைக்குள் வசிப்பவர்களுக்குப் பள்ளியில் சேர உரிமை உண்டு. ஆனால் 1985இல் தொடங்கிய கணித, அறிவியல், கணினி மேக்னெட் பிரிவில் சேர, எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துப் போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 3,000க்கும் மேற்பட்டோர் படிக்கும் அப்பள்ளியில் ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்கே அந்த வாய்ப்பு.

இப்பிரிவு அங்கே அமைந்ததற்கு, இன வாரியாகப் பிரிந்துகொண்டிருந்த பள்ளிக்குப் பிற பகுதி மாணவர்களையும் ஈர்க்க வேண்டும் என்ற மாவட்டத்தின் நோக்கமும் ஒரு காரணம்; வீட்டுத் தரகர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே கணினி நிரலாக்கமும், சோதனையை வடிவமைத்து அளந்து அறிக்கை எழுதும் ஆய்வுமுறைப் பாடமும் உண்டு. மேல்வகுப்பில் சொந்த ஆய்வு ஒன்றையும் முடிக்க வேண்டும். எழுத்தில் நாட்டமுள்ள என் மகளுக்கு, ஆங்கிலம், சமூக அறிவியல், ஊடகம் ஆகியவற்றை இணைத்துக் கற்பிக்கும், அதே பள்ளியின் தகவல்தொடர்புக் கலைப் பிரிவே பொருந்தும் எனத் தோன்றுவதால், அதற்கே விண்ணப்பிக்கிறோம்.