பழைய குட்டி யானைக்கு டிஃபரன்ஷியல்: காயலான் கடை செட்டா, புது கிரவுன் பினியனா?

அணைக்கட்டு லோடு:
வண்டி 2008 மாடல் குட்டி யானை. பாதி நாள் ஒடுகத்தூர்ல இருந்து பீஞ்சமந்தை மலைக்கு லோடு. 40 தாண்டி ஆக்சிலேட்டர் மிதிச்சா பின்னாடி ஊளை, காலை எடுத்தா நின்னுடுது. ஆயில் இறக்கினா அரிசி நொய் அளவுக்கு இரும்புத் துணுக்கு. காயலான் கடையில முழு டிஃபரன்ஷியல் செட் (பின் ஆக்சில் நடுவுல இன்ஜின் சுத்தை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கிற பாகம்) ஒண்ணு இருக்கு. "எல்லா குட்டி யானையும் ஒண்ணுதான், கண்ணை மூடிட்டு மாட்டு"ன்றார் கடைக்காரர். மெக்கானிக் புது கிரவுன் பினியன் (அதுக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரமும் அதைச் சுத்துற சின்னதும்) வாங்கி பழைய கூட்டுலயே கட்டிடலாம்ன்றார். எது சரி? மலைக்காக ரேஷியோவை (கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் உள்ள விகிதம்) மாத்தினா இழுவை கூடுமா?

காட்பாடி பட்டறை:
கண்ணை மூடிட்டு எதையும் மாட்டாதீங்க. வெளியில வண்டி ஒரே மாதிரி இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் ரேஷியோவும் ஆக்சில் ஸ்ப்ளைனும் (ஆக்சில் முனையில இருக்கிற பல் வரிகள்) மாறியிருக்கலாம். முதல்ல உங்க வண்டி ரேஷியோவை எண்ணுங்க. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்கணும். பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு கொடுங்க. புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல (கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி வர்ற தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கின சக்கரத்தை சரியா 10 சுத்து சுத்துங்க. தரையில இருக்கிற சக்கரம் நிக்கிறதால கிரவுன் 5 சுத்துதான் சுத்தும். ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதை 5ஆல வகுத்தா ரேஷியோ. உதாரணத்துக்கு 37 பல் கிரவுன், 8 பல் பினியன்னா 23 சுத்தும் கொஞ்சமும் வரும், அது 4.625. 41க்கு 8ன்னா 25 சுத்து தாண்டி அரைக்கு மேல, அது 5.125.

கடையில இருக்கிற செட்ல கிரவுன் பல்லையும் பினியன் பல்லையும் நேரா எண்ணிடலாம். ஆக்சில் ஷாஃப்ட் ஒண்ணைக் கழட்டி கையோட எடுத்துட்டுப் போங்க, சைடு கியர்ல (ஆக்சில் முனை நுழையுற பல்சக்கரம்) ஆட்டம் இல்லாம நுழையணும். பினியன் ஃபிளாஞ்ச் (புரொப்பெல்லர் ஷாஃப்டை மாட்டுற தட்டு) போல்ட் துளை இடைவெளியும் பழசோட ஒத்துப் போகணும். இதுல ஒண்ணு பொருந்தலைன்னாலும் வாங்காதீங்க.

பாலாத்துக் கரை:
அதுக்கு முன்னாடி ஊளை எங்கிருந்து வருதுன்னு உறுதி பண்ணணும். மிதிச்சா மட்டும் வர்ற ஊளை பல்லோட முன்முகம் தேஞ்சது, இல்லன்னா பினியன் பேரிங் தளர்ந்தது. இறக்கத்துல காலை எடுத்தப்புறம் வந்தா பல்லோட மறுமுகம். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினா பேரிங். கிளட்ச் விடும்போது மட்டும் 'டக்'குன்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்க, டிஃபரன்ஷியலைப் பழி சொல்ல வேண்டாம். உங்களுக்கு நொய் அளவு துணுக்கே வந்திருக்கு, அதனால உள்ளேதான். மை மாதிரி வழவழப்பா வந்திருந்தா அது சாதாரணத் தேய்மானம்.

காட்பாடி பட்டறை:
அடுத்தது கிரவுன் பினியனைக் கட்டுற விஷயம். கிரவுனும் பினியனும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தின ஜோடி, ரெண்டுலயும் ஒரே எண் வெட்டியிருக்கும். பழைய பினியன்ல புதுக் கிரவுன் கட்டினா ஊளை போகாது. புது ஜோடின்னா பேரிங்கும் சீலும் கிரவுன் போல்ட்டும் புதுசு. பினியன் ஷிம்மை (பினியன் ஆழத்தைச் சரிபண்ற மெல்லிய தகடு) அளந்து போடணும். பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம்) டயல் கேஜ் (முள் காட்டுற நுண் அளவுகோல்) வச்சு நாலு இடத்துல பாருங்க. வண்டியோட சர்வீஸ் புத்தகத்துல உள்ள அளவுதான் கணக்கு, பொதுவா 0.10 முதல் 0.20 மி.மீ. வரைக்கும் இருக்கும். அப்புறம் பல்லுல ப்ளூ (தடம் பார்க்கிற நீலச் சாயம்) தடவி சுத்தி, தடம் எங்க விழுதுன்னு பார்க்கணும். பல்லோட உச்சியில விழுந்தா பினியனைக் கிரவுன் நடுவுக்கு நெருக்கணும், அடியில விழுந்தா விலக்கணும். உள்முனையில விழுந்தா கிரவுனை விலக்கணும், வெளிமுனையில விழுந்தா நெருக்கணும். இதைச் செய்ய டயல் கேஜ் இல்லாத பட்டறைன்னா நல்ல காயலான் செட்தான் என் தேர்வு. அது கம்பெனியில அமைச்ச அமைப்பு கெடாம இருக்கும்.

அந்த செட்டை எப்படிப் பார்க்கிறது? பல்லுல பள்ளம், நீலம் பாஞ்ச சூட்டுக் கறை, ஓரம் உடைஞ்சது எதுவும் கூடாது. பினியனைக் கையால சுத்தினா கரகரன்னு தடங்கக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தா ஆட்டமும் இருக்கக் கூடாது.

அணைக்கட்டு லோடு:
எண்ணிப் பார்த்துடுறேன். ரேஷியோ மாத்துறது பத்தி?

பாலாத்துக் கரை:
4.625ல இருந்து 5.125க்குப் போனா இழுவை 11 சதவீதம் கூடும். அதே இன்ஜின் சுத்துல வேகம் 10 சதவீதம் குறையும். மலைக்கு நல்லது, ஆனா வேலூர் ஹைவேயில இன்ஜின் கத்தும். ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற வண்டியில நிஜமா 50ல போனா 55 காட்டும், கிலோமீட்டரும் கூடுதலா ஏறும். மலை லோடு பாதி நாள்தான்னா பழைய ரேஷியோவே போதும், கியரைக் கொஞ்சம் முன்கூட்டியே இறக்குங்க.

முக்கியமா ஹவுசிங் (டிஃபரன்ஷியல் கூடு) மேல இருக்கிற ப்ரீதரை (உள்காத்து வெளியேறுற சின்ன வால்வு) கழட்டி ஊதிப் பாருங்க. சேறு அடைச்சா உள்ளே சூட்டுல காத்து உப்பி சீலைத் தள்ளும். ஆயில் குறைஞ்சு பல் கருகும், ஆக்சில் சீல் வழியா பிரேக் டிரம்முக்கும் போயிடும். புது செட் மாட்டியும் ப்ரீதரை விட்டா அதே கதைதான்.

காட்பாடி பட்டறை:
ஆயில் ஜிஎல்-5 (கியர் ஆயில் தரக் குறியீடு) தரம், தடிமன் புத்தகத்துல சொன்னது. வண்டி சமதரையில நிக்கணும். ஃபில்லர் துளையோட கீழ் விளிம்பைத் தொட்டு வழியுற வரைக்கும் ஊத்துங்க. புதுக் கிரவுன் பினியன்னா முதல் 500 கி.மீ. அரை லோடுதான், மலை வேண்டாம். முதல் ஓட்டத்துல 20 கி.மீ. போனதும் நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா பேரிங் இறுக்கம் அதிகம், அப்படியே ஓட்டாம பட்டறைக்குத் திருப்புங்க. 500ல ஆயிலை இறக்கி மாத்திட்டு அப்புறம் பீஞ்சமந்தை ஏறலாம்.