தீபாவளிக்கு ஃபிளாஸ்க், பொங்கலுக்கு காலண்டர்: மலையில் கிஃப்ட் ஐட்டம் விற்ற அனுபவங்களைச் சொல்லுங்கள்

குன்னூர், பிரிண்டிங் கடை

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு சிவகாசியில் இருந்து அடுத்த வருட காலண்டர் ஆல்பம், அதாவது மாதிரிகள் அடங்கிய புத்தகம், வந்து இறங்கிவிடும். எங்கள் தொழிலுக்கு வருடப் பிறப்பே அதுதான். வெளியே சாரல் விடாது, டூரிஸ்ட் கூட்டமும் இருக்காது. அந்த நேரத்தில் ஆல்பத்தை நெகிழிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய் "பொங்கலுக்கு காலண்டர் அடிக்கலாமா?" என்று கேட்டால் பேக்கரிக்காரர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். ஆனாலும் கேட்க வேண்டிய நேரம் அதுதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

என் கடை சின்னது. ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை, ஒரு லேசர் மெஷின், நான், என் மனைவி, வேலை அதிகமானால் மட்டும் வரும் ஒரு தம்பி. பேனா, சாவிக்கொத்து, டைரி, தொப்பி, ஃபிளாஸ்க், காலண்டர் என்று பெயர் போட்டுத் தரக்கூடிய எல்லாவற்றையும் செய்வோம். டீ ஃபேக்டரி, எஸ்டேட் ஆபீஸ், சின்ன ரிசார்ட், சாக்லேட் கடை, இவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அந்த வருடம் எல்லாம் கச்சிதமாக நடந்தது. எந்தத் தேதியில் விலை சொன்னேன், எப்போது அட்வான்ஸ் வாங்கினேன், கோயம்புத்தூரில் இருந்து சரக்கு என்றைக்கு ஏறியது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த வருடம் அந்த நோட்டைத் திறந்து அதே தேதிகளில் அதே வேலைகளைத் தொடங்கினேன். நமக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் கடைசியில் சாம்பிள் ஃபிளாஸ்க்கோடு ஒரு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் சுவரைக் காட்டினார். "இந்த வருஷம் தீபாவளி இருபதாம் தேதி சார். போனஸ் கணக்கே போட்டு முடிச்சாச்சு. ஸ்டாஃபுக்குக் குடுக்கறதுக்கெல்லாம் கீழே ஊர்ல ஆர்டர் சொல்லிட்டோம்."

சுவரில் தொங்கியது போன வருடம் நானே அடித்துக் கொடுத்த காலண்டர்.

பதினோரு நாள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் மூன்று ஆர்டர் போனது. பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன், அதுதான் இன்னும் மோசம். முடியாது என்று சொல்ல மனம் வராமல், ஒரு ரிசார்ட்டுக்கு 150 ஃபிளாஸ்க் ஒப்புக்கொண்டேன். சரக்கு மேட்டுப்பாளையம் வந்துவிட்டது, மேலே வரவில்லை. ஐப்பசி மழையில் வழியில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. பார்சல் கைக்கு வந்தபோது தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். ராத்திரி முழுக்க லேசரில் பெயர் போட்டோம். காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால், "கெஸ்ட் எல்லாம் செக்கின் ஆயிட்டாங்களே" என்று பாதி விலைதான் தந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது தேதி பார்ப்பதில்லை, பண்டிகையில் இருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். 75 நாளுக்கு முன் சாம்பிளோடு நேரில் போவது. 45 நாளுக்குள் அட்வான்ஸ். 30 நாளுக்கு முன் சரக்கு மலையேறிவிட வேண்டும், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலைப்பாதை யார் பேச்சையும் கேட்காது. கடைசி பதினைந்து நாளில் புது ஆர்டர் எடுப்பதில்லை. இதைச் சொல்வது சுலபம், வாசலில் வந்து நிற்கிறவரிடம் கையை விரிப்பதுதான் கஷ்டம்.

தள்ளுபடி கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். கோயம்புத்தூர் விலையோடு மோதி நம்மால் ஜெயிக்க முடியாது. அதற்குப் பதிலாக, ஆவணி முடிவதற்குள் அட்வான்ஸ் தந்தால் ஸ்கிரீன் போடும் கூலி, அதாவது அச்சடிக்கும் வலைச் சட்டத்தில் டிசைனை ஏற்றும் கூலி, இல்லை என்று வைத்தேன். ஐம்பது தொப்பிக்கும் அதே ஸ்கிரீன், ஐந்நூறு தொப்பிக்கும் அதே ஸ்கிரீன். சின்னக் கடைக்காரருக்கு அந்தக் கூலிதான் உறுத்தும். தீபாவளி ஆர்டரோடு காலண்டரையும் சேர்த்துச் சொன்னால் இன்றைய விலையையே பொங்கல் வரை மாற்றுவதில்லை.

இன்னொன்று. விலைப்பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டு பேருக்கு மட்டும் அவரவர் கடைப் பெயரைப் பொறித்து ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயர் போட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் கை வருவதில்லை. ஏழு ஆர்டர் வந்தது.

ஊட்டி, மக் பிரிண்டிங்

அண்ணா, உங்களுக்கு மழை ரோட்டில் என்றால் எனக்குக் கடைக்குள்ளேயே. சப்ளிமேஷன் மக் போடுகிறேன், அதாவது பேப்பரில் பிரிண்ட் எடுத்த படத்தைச் சூட்டில் மக்கில் ஏற்றுவது. பிரஸ் 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும். தொழிலைத் திருப்பூரில் கற்றுக்கொண்டு இங்கே வந்து கடை போட்டேன். அதே மெஷின், அதே மை, அதே பேப்பர். ஆனால் முதல் கிறிஸ்துமஸ் ஆர்டரில் நூறு மக்கில் முப்பதுக்கு மேல் வீண். எழுத்தைச் சுற்றி நீலமாகப் புகை படிந்த மாதிரி கசிந்திருந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்து ஆளைக்கூட வரவழைத்தேன். கடைசியில் பார்த்தால் பேப்பர். பனியும் சாரலுமாக இருக்கும் நாட்களில் பேப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சூடு பட்டதும் அது ஆவியாகி மையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

இப்போது பேப்பரை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். பிரிண்ட் எடுத்த பிறகு சில நொடி வெறும் சூட்டில் காட்டிவிட்டுத்தான் மக்கில் ஒட்டுகிறேன். டிசம்பரில் யாராவது இருநூறு மக் கேட்டால், வெயில் இருக்கும் மத்தியானத்தில்தான் ஓட்டுவேன் என்று நாள் கூட்டிச் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி, தையல் யூனிட்

நாங்கள் நாலு பெண்கள், காடாத் துணியில் பை தைத்துப் பெயர் அச்சடித்துக் கொடுக்கிறோம். சீசன் என்றால் எங்களுக்கு மே மாதம்தான். இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஆனால் அந்தக் கூட்டத்தை நம்பித் தைத்துக் குவித்தால் மீதிதான் நிற்கும். மொத்த ஆர்டர் எல்லாம் தீபாவளிக்குத்தான்.

ஒரு தடவை அவசரத்துக்குக் கீழே ஒரு மொத்த வியாபாரியிடம் ஆயிரம் பை வாங்கினேன். "துணிப்பைதான் அக்கா" என்றார். தொட்டால் துணி மாதிரிதான் இருந்தது. சோதனைச் சாவடியில் ஒருவர் ஓரத்தைக் கிள்ளி நெருப்பில் காட்டினார், உருகிச் சொட்டியது. நான்வோவன் பை, நெய்யாமல் பிளாஸ்டிக் இழையை ஒட்டிச் செய்வது, அதுவும் பிளாஸ்டிக்தான். தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி முதல் இதற்கும் சேர்த்துத்தான் தடை. நீலகிரியில் அதற்குப் பல வருடம் முன்பே பிளாஸ்டிக் பைகளுக்குக் கெடுபிடி வந்துவிட்டது, எனக்கே அது தெரியாமல் இல்லை. பையும் போச்சு, அபராதமும் கட்டினேன்.

ஒன்று சொல்கிறேன் அண்ணா, அந்தத் தடைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கடைக்காரர் எப்படியும் பை கொடுத்தாக வேண்டும். அதில் அவர் பெயர் இருந்தால் விளம்பரம், இல்லாவிட்டால் வெறும் செலவு. இதைச் சொல்லித்தான் ஆர்டர் பிடிக்கிறேன்.

குன்னூர், ஆடிட்டர் ஆபீஸில் வேலை

சாம்பிள் ஃபிளாஸ்க் பன்னிரண்டு கொடுத்தேன் என்றீர்களே, அதை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரி என்று கழிக்காதீர்கள் சார். இலவச சாம்பிளாகவோ பரிசாகவோ கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி அந்தக் கழிவு கிடைக்காது. அந்தத் தொகையையும் விளம்பரச் செலவில் சேர்த்துக்கொண்டு விலை போடுங்கள்.

கொடைக்கானல், லேசர் பொறிப்பு

எங்களுக்கு ஸ்டீல் பாட்டில்தான் ஓடுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வருகிறவர்களுக்கு இங்கேயும் கெடுபிடி, அதனால் ரிசார்ட்டுகளே கெஸ்டுக்குப் பாட்டில் கொடுக்கின்றன. ஸ்டிக்கர் ஒட்டித் தராதீர்கள், நாலு தடவை வெந்நீரில் கழுவினால் உரிந்துவிடும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது ரிசார்ட்டுகள் பயந்துபோய் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். அன்றில் இருந்து நான் உள்ளூர்ப் பள்ளி, வங்கிக் கிளை என்றும் அலைகிறேன். டூரிஸ்டை மட்டும் நம்பினால் ஒரு உத்தரவில் கதை முடிந்துவிடும்.

கேத்தி

நான் வியாபாரி இல்லை, காலண்டர் வாங்கி மாட்டுகிறவன். வருடா வருடம் மளிகைக் கடையில் ஒன்று, நகைக் கடையில் ஒன்று, சொசைட்டியில் ஒன்று கொடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே சாமி படம், ஒரே ராகு காலம். எங்கள் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை ஒன்றில்கூடக் கிடையாது. ஊர்ச் சந்தை நாளும் இல்லை, கண்காட்சி தேதியும் இல்லை. அதைப் போட்டுக் கொடுத்தால் மற்ற இரண்டையும் பரணில் போட்டுவிட்டு உங்களுடையதைத்தான் நடுவீட்டில் மாட்டுவேன்.

குன்னூர், பிரிண்டிங் கடை

கேத்திக்காரர் சொன்னது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. டெய்லி காலண்டரின் தாளில் நம்மால் கைவைக்க முடியாது, அது சிவகாசியில் மொத்தமாக அச்சாகி வருவது. மேலே அட்டையில் கடைப் பெயர் போடும் இடத்துக்குக் கீழே நாலு விரற்கடை காலியாக இருக்கும், அங்கே சந்தை நாட்களைப் போடலாம். மாதக் காலண்டர் என்றால் கட்டத்துக்குள்ளேயே போட்டுவிடலாம். சிக்கல் ஒன்றுதான். அரசு விடுமுறைப் பட்டியலே வழக்கமாக நவம்பர் வாக்கில்தான் வருகிறது, பண்டிகை நாளையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதனால் ஆர்டரை ஆவணியிலேயே வாங்கிக்கொண்டு, அச்சுக்கு மட்டும் நவம்பர் வரை பொறுக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் ஐந்து கடைக்கு மட்டும். கோத்தகிரி அக்கா, உங்கள் பக்கத்துச் சந்தை நாட்களை அனுப்பி வையுங்கள்.

பழைய நோட்டில் தேதிகளை எல்லாம் அடித்துவிட்டு, முதல் பக்கத்தில் "தீபாவளிக்கு 75 நாள் முன்" என்று பெரிதாக எழுதி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதன் கீழே என் மனைவி பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "எந்த வருஷத் தீபாவளிக்கு?"