இரும்பு முடக்கமா, இரும்பு கிட்டாமையா?

வணக்கம்.

உடலில் இரும்பு இருந்தும் ரத்தம் ஊறும் இடத்துக்கு அது போதுமான அளவு வந்து சேராத நிலையை ஆங்கிலத்தில் functional iron deficiency என்பார்கள். அதற்குத் தமிழில் 'செயல்சார் இரும்புக் குறைபாடு' வேண்டாம் என்று நீங்கள் எழுதியதில் நானும் உங்கள் கட்சிதான். இரும்பின் செயல் கெட்டுப்போனது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ஆனால் பதிலுக்கு நீங்கள் தந்த 'இரும்பு முடக்கம்' பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுநீரகம் பழுதானால், சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்துவிடும். அந்த ஹார்மோனை ஊசியாகப் போடுகிறோம். ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத ஓர் அம்மா போன வாரம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டார்: "இரும்பு நல்லா இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இரும்பு ஊசி?" இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 450, தாராளம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவோ 16 விழுக்காடுதான், குறைவு. அவருக்குப் பதிலாகும் சொல்தான் நமக்கு வேண்டும்.

சிவப்பணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து ஏறுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் 120 நாள் ஓடி ஓய்ந்த சிவப்பணுக்களை உடைத்து மீட்டது. ஹார்மோன் ஊசி மஜ்ஜையை முடுக்கிவிட்டால் தேவை சட்டென்று கூடும். இருப்பு இருக்கும், வழியும் திறந்திருக்கும்; எடுத்துக் கொடுக்கும் வேகம் போதாது. இங்கே எதுவும் முடங்கவில்லையே!

முடங்குவது இன்னொரு வகையில். உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்; அது செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலை அடைத்துவிடும். (அழற்சியில் ஃபெரிட்டினும் ஏறும். அதனால் அந்த எண்ணை இருப்பின் அளவாக அப்படியே நம்பவும் முடியாது.)

இரண்டிலும் மஜ்ஜைக்கு இரும்பு கிட்டவில்லை. ஆகவே, 'செரியாமை' என்ற சொல்லின் அமைப்பிலேயே, 'இரும்பு கிட்டாமை' என்கிறேன். 'கிடைக்காமை' என்றால் கடையில் மாத்திரை கிடைக்காதது போலத் தொனிக்கிறது. 'முடக்கம்' இதன் உள்வகையாக இருக்கட்டும். ஹெப்சிடினைப் பற்றிப் பேச அது அருமையான சொல், விட மனமில்லை.

சோகைக்கும் இதே வழி: இருப்பே வற்றினால் 'இரும்புக்குறைச் சோகை', இருந்தும் மஜ்ஜைக்கு வந்து சேராவிட்டால் 'இரும்பு கிட்டாச் சோகை'.

அந்த அம்மாவிடம், "இரும்பு இருக்கும்மா, ரத்தம் ஊறுற இடத்துக்குக் கிட்டல" என்றேன். "சரி, அப்ப போடுங்க" என்றார்.