பழைய ட்ரிம்பிள் தண்டர்போல்ட் (ஜிபிஎஸ்ஸை வைத்துத் துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸும் நேரத் துடிப்பும் தரும் பெட்டி) வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை: உங்கள் அனுபவம்?

குவார்ட்ஸ்: பெட்டியின் போட்டோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லேடி ஹெதர் (பெட்டியின் நிலையைக் கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருள்) திரையின் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ட்ரிம்பிள் தண்டர்போல்ட்டில் டேக் வோல்டேஜ் (படிகத்தைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டு வோல்டேஜ்) −5-லிருந்து +5 வோல்ட் வரை போகும். உள்ளே இருக்கும் படிகம் வயதாகி அலைவெண் விலக விலக, அதை 10 மெகாஹெர்ட்ஸுக்கு இழுத்துப் பிடிப்பது அந்த வோல்டேஜ்தான். ஓரத்தை நெருங்கிவிட்டால் இழுக்க இடமில்லை. அதைவிட மோசம், திரையில் அந்த வோல்டேஜின் கோட்டில் படிக்கட்டு மாதிரி திடீர்த் தாவல்கள். அது படிகத்தின் நோய்; எந்த செட்டிங்காலும் தீராது.

மொட்டைமாடி: தேதி தப்பாகக் காட்டினால் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் வார எண்ணுக்கு 10 பிட்தான், 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழன்று திரும்பும், அதனால் 2017 ஜூலை 30 முதல் தண்டர்போல்ட் 1024 வாரம் பின்னால் நிற்கிறது. 10 மெகாஹெர்ட்ஸும் பிபிஎஸ்ஸும் (விநாடிக்கு ஒரு துடிப்பு) கெடவில்லை, தேதியை லேடி ஹெதரே திருத்திக் காட்டும். (அதைச் சாக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம், அது உங்கள் சாமர்த்தியம்.)

ஆன்டெனாவுக்கு டிஷ் டிவி ஆர்ஜி-6 கேபிளே போதும், சாக்கெட்டும் எஃப் வகைதான். மீட்டருக்கு சுமார் 4 நானோ விநாடி தாமதம். 20 மீட்டருக்கு 80. அதை ஈடுகட்டும் கேபிள் டிலே செட்டிங்கில் கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் பிழை 160 ஆகிவிடும். சர்வே (ஆன்டெனா இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது) தானாக 2000 புள்ளிகளோடு, அரை மணி நேரத்தில், முடிந்துவிடும். அதோடு நிற்காமல் லேடி ஹெதரில் 48 மணி நேர சர்வே ஓட்டுங்கள். இடம் 1 மீட்டர் தப்பினால் நேரம் 3 நானோ விநாடி வரை தப்பும்.

குவார்ட்ஸ்: அதோடு ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது. அதனால் எல்1 என்ற ஒரே ஜிபிஎஸ் அலைவரிசையை மட்டும் கேட்கும் இந்தப் பழைய ரிசீவர்களை நம் ஊரில் அயனமண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) நன்றாகவே ஆட்டும். ஜிபிஎஸ் அனுப்பும் திருத்தம் அதில் பாதியைத்தான் சரிசெய்யும். பகலில் கோடு வளைந்தால் வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

இரைச்சல்: சப்ளை +12, +5, −12. பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் மூன்றும் கிடைக்கும், ஓடவும் ஓடும். ஆனால் +12-இல் வரும் இரைச்சல் குறுகிய கால நிலைத்தன்மையைக் கெடுக்கும். அதை மட்டுமாவது லீனியர் சப்ளையில் கொடுங்கள். −12 சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

இதே வேலை செய்யும் ஹெச்பி இசட்3801ஏ பெட்டி கிடைத்தால் லேபிளைப் பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். பெரும்பாலும் 48 வோல்ட், 24 வோல்ட் வகையும் உண்டு. சீரியல் இணைப்பு ஆர்எஸ்-422, வேகம் 19200, 7 பிட், ஆட் பேரிட்டி. 9600-இல் குப்பை எழுத்து வந்தால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

மொட்டைமாடி: என்டிபி சர்வருக்கு (நெட்வொர்க்கில் மற்றவற்றுக்கு நேரம் சொல்லும் கம்ப்யூட்டர்) வாங்குகிறவர்கள் கவனிக்க: தண்டர்போல்ட் பிபிஎஸ் 10 மைக்ரோ விநாடி அகலம்தான், 5 வோல்ட். சீரியல் போர்ட்டின் டிசிடி பின் அதைத் தவறவிடும், 74எச்சி123 சிப் போட்டு அகலமாக்குங்கள். ராஸ்பெர்ரி பை என்றால் 1கே, 2கே ரெசிஸ்டர் வைத்து 3.3 வோல்ட்டுக்கு இறக்குங்கள். எண்ண வேண்டியது ஏறும் விளிம்பை.